மேசை ஆடினால் கோடு ஆடும்

ஜனவரி 11

அண்ணாவுக்கு, வாலு எழுதுவது.

நீ வைத்த பெயர் நாற்பது வயதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே அம்மா, நான், இவர், மகள் நால்வரும் நலம். அம்மாவின் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கும், மற்ற நேரத்தில் அதுவும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? போனில் கேட்டால் "நல்லாருக்கேன், வச்சிரட்டுமா" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தில் அவ்வளவு சீக்கிரம் வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

புதுச் செய்தி. நான் இரும்புச் சட்டை செய்கிறேன். மகள் பள்ளி நாடகத்தில் தளபதி. கம்பளி நூலில் பின்னி வெள்ளிச் சாயம் அடித்தால் போதும் என்றார்கள். எனக்குப் போதும் என்பது என்றைக்குத் தெரிந்தது? கட்டுக்கம்பியை ஸ்க்ரூடிரைவர் தண்டில் ஸ்பிரிங் மாதிரி சுற்றி, சுற்றுச் சுற்றாக வெட்டினால் வளையம். ஒரு வளையத்தில் நான்கு வளையங்களைக் கோக்க வேண்டும். அதையே ஆயிரம் தடவை செய்தால் இரும்பில் துணி. மூக்குக் கண்ணாடிக் கடையில் பதினாறு வருடம் ஃபிரேமுக்குத் திருகாணி போட்ட கைக்குக் குறடு என்ன புதிதா என்று இறங்கினேன்.

முதல் இருநூறு வளையம் பாழ். இரண்டு பக்கமும் இழுத்துத் திறந்தேன், மூடும்போது எல்லாம் முட்டை வடிவமாகிவிட்டது. இழுக்கக் கூடாதாம். பக்கவாட்டில் முறுக்க வேண்டுமாம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில் சட்டை நான்கு கிலோ வந்தது. தளபதியால் வாளைத் தூக்கவே முடியவில்லை. காத்திருந்து பார்த்த எதிரி தானாகச் செத்து விழுந்தாள். நாடகம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, நான் இன்னும் நிறுத்தவில்லை. இவர், "வீட்ல போர் ஏதும் வருதா, முன்னாடியே சொல்லிடு" என்கிறார்.

நேற்று குறட்டில் விரலை நசுக்கிக்கொண்டேன். உன் வலது கைச் சுண்டுவிரல் ஞாபகம் வந்தது. நான் கதவைச் சாத்தி அது கோணலாகி முப்பத்து மூன்று வருடம். நானே சாத்திக்கொண்டேன் என்று அம்மாவிடம் நீ சொன்ன பொய் இன்னும் சௌக்கியமாக இருக்கிறது. அம்மா கண்ணில் படாமல் உறையை ஒட்டிவிடுவேன், பயப்படாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

வாலு


ஜனவரி 26

வாலுக்கு,

நான் நலம். அறையில் கூட இருந்தவர் ஊருக்குப் போய்விட்டார், இப்போது கட்டில் எல்லாம் என்னுடையது. அம்மாவை மாடி ஏற விடாதே.

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். ஏன் சிரிக்கிறீர்கள் என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். எதிரி தானாகச் செத்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ என்னமோ புதிதாகக் கண்டுபிடித்தவள் மாதிரி எழுதியிருக்கிறாய். அந்த இரும்புத் துணி எங்கள் கம்பெனியில் பத்து வருடமாக இருக்கிறது. துணியை நூறு அடுக்காக மேசையில் விரித்து, மேலே அளவு வரைந்து, கட்டிங் மெஷினைத் தள்ளிக்கொண்டே போவோம். வலது கை மெஷினைத் தள்ளும். இடது கை கத்திக்குப் பக்கத்தில் துணியை அமுக்கிப் பிடிக்கும். அந்த இடது கைக்கு வளையத்தில் செய்த கையுறை. வளையம் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, ஒவ்வொன்றும் வாய் மூடிப் பற்றவைத்தது. உன் குறட்டு வேலை அதன் முன்னால் நிற்காது.

ஆனால் ஒரே அளவுதான் வாங்கிப் போடுவார்கள், யானைக் கைக்குச் செய்த மாதிரி. விரல் நுனியில் ஒரு அங்குலம் தொங்கும், துணி பிடிபடாது. சூப்பர்வைசர் வந்தால் மாட்டுவோம், போனால் கழற்றி பாக்கெட்டில் போடுவோம். நான் மட்டுமில்லை, எல்லோரும் அப்படித்தான். பத்தொன்பது வருடத்தில் ஒரு கீறல் கிடையாது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 4

அண்ணா,

இங்கே எல்லோரும் நலமாகத்தான் இருந்தோம், உன் கடிதம் வரும் வரை. கையுறை விஷயத்தை அம்மாவுக்கு வாசிக்காமல் தாண்டிவிட்டேன்.

பத்தொன்பது வருடமாகக் கீறல் இல்லை என்பதை அந்தக் கத்தியிடமும் சொல்லி வைத்திருக்கிறாயா? எல்லோரும் கழற்றினால் நீயும் கழற்றுவாயா? இதே வார்த்தையை நீ என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாய். இன்றைக்கு வட்டியோடு திருப்பித் தருகிறேன்.

பெரிதாக இருக்கிறது என்பதுதானே உன் குறை? உன் அளவுக்கு நான் செய்கிறேன். ஒரு வெள்ளைத் தாளில் இடது கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. இத்துடன் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வைத்திருக்கிறேன், பார். ஒரு பக்கம் இழுத்தால் விரியும், மறுபக்கம் இழுத்தால் இம்மியும் அசையாது. இவர் மாதிரி.

அதுவரை அந்த யானைக் கையுறையைக் கழற்றாதே. இந்தக் கடிதத்தை அதே பாக்கெட்டில் வைத்துக்கொள். கையுறையைப் போட வரும்போதெல்லாம் கையில் தட்டுப்படட்டும்.

கோபத்தோடும் அன்போடும்,
வாலு


மார்ச் 18

அண்ணா,

நாங்கள் நலம். நீ நலமா என்று ஆறு வாரமாகத் தெரியவில்லை. உன் போனில் மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்காரும்மா, வேலையில இருக்காரு" என்று யாரோ சொன்னார்கள். நான் கத்தியது உனக்குப் பிடிக்கவில்லையா? பிடிக்காவிட்டால் நீயும் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

நீ சொன்னதுதான் சரி, குறட்டு வேலை நிற்காது. என் கைக்கு ஒரு விரல் செய்து, அதற்குள் கேரட்டை விட்டு, காய்கறிக் கத்தியால் அமுக்கினேன். மூன்றாவது அமுக்கில் வளையங்கள் வாயைத் திறந்துவிட்டன. கேரட்டுக்கு நல்ல வெட்டு. இதைச் செய்து உனக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆனால் விடவில்லை. ஒடிந்த ஃபிரேமை ஒட்ட எங்கள் கடையில் சின்ன விளக்கு உண்டு, ஊசி மாதிரி தீ வரும். கடை முதலாளியிடம் கேட்டு, எஃகுக் கம்பி வளையத்தின் வாயில் வெள்ளி வைத்துப் பற்றவைக்கப் பழகுகிறேன். பத்தில் நான்கு கருகுகிறது. கருகாத ஆறை இவர் இரண்டு குறடு வைத்து இழுத்துப் பார்த்தார், திறக்கவில்லை.

கை மட்டும்தான் பாக்கி. அனுப்பு.

வாலு


மார்ச் 30

வாலுக்கு,

நலம். கோபமெல்லாம் இல்லை. நடுவில் கொஞ்சம் காய்ச்சல், பிறகு வேலை அதிகம். இப்போது கட்டிங்கில் இல்லை, வெட்டிய துண்டுகளுக்கு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டும் மேசையில் போட்டிருக்கிறார்கள். எல்லா வேலையும் தெரிய வேண்டும் என்று மாற்றிப் போடுவார்கள். உட்கார்ந்த வேலைதான். கையுறையே தேவையில்லை, நீ நிம்மதியாகத் தூங்கலாம்.

வெள்ளி எவ்வளவு வைக்கிறாய்? கம்பி என்ன கனம்? கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போடுகிறாயா? போடு. மகள் எப்படிப் படிக்கிறாள்? மாப்பிள்ளை புதுச் செருப்பு வாங்கினாரா?

கை கேட்டாயே, வைத்திருக்கிறேன். இடது கை என்று மேலே எழுதியிருக்கிறேன். அவசரமில்லை.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

எல்லோரும் நலம். இவருக்குச் செருப்பு வாங்கியாயிற்று. இத்தனை வருடத்தில் இவர் செருப்பைப் பற்றி நீ கேட்பது இதுதான் முதல் தடவை. இவருக்கே ஆச்சரியம்.

கை வந்து சேர்ந்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கோடு ஏன் இப்படி இருக்கிறது? துணி மேல் நீ போடும் கோட்டை ஸ்கேல் வைத்தாலும் யாரும் போட முடியாது என்று பெருமை அடித்துக்கொள்வாய். இது குடித்துவிட்டு எறும்பு நடந்த மாதிரி இருக்கிறது. விரல் அகலம் சரியாகத் தெரியவில்லை. முடிந்தால் இன்னொன்று அனுப்பு.

அம்மா பார்க்க வேண்டும் என்கிறாள். அவள் கண்ணாடி எங்கள் கடையில்தான் இருக்கிறது, இருபத்து மூன்றாம் தேதி புது லென்ஸ் வரும். அதுவரை மேசைக் கண்ணாடி மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு


ஏப்ரல் 19

வாலுக்கு,

நலம். அறையில் மேசைக்கு ஒரு கால் குட்டை, ஆடும். அதனால் கோடு ஆடிவிட்டது. அதை வைத்தே செய், இல்லாவிட்டால் விட்டுவிடு. ஸ்டிக்கர் ஒட்டுகிறவனுக்கு எதற்குக் கையுறை?

அம்மாவிடம் அதைக் காட்ட வேண்டியதில்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது?

அண்ணன்


ஏப்ரல் 27

அண்ணா,

நீ நலமா? எப்போதும் வழக்கத்துக்குக் கேட்பேன். இன்று கேட்பது வழக்கத்துக்கு இல்லை.

அம்மாவுக்குக் கண்ணாடி வந்தது. போட்டதும் முதலில் உன் கையைத்தான் பார்த்தாள். அரை நிமிடம் பார்த்துவிட்டு, "இது அவன் வலது கைடி" என்றாள்.

"இடதுன்னு மேல எழுதியிருக்கானேம்மா."

"எழுதிட்டா ஆச்சா? நீ கதவச் சாத்தின விரல் எனக்குத் தெரியாதா?"

முப்பத்து மூன்று வருடமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் அந்தப் பேச்சை வளர்க்கவே இல்லை. நான் மேசை ஆடிய கதையைச் சொன்னேன். "மேசை ஆடினா கோடு ஆடும். சுண்டுவிரல் எப்படிக் கோணும்?" என்றாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பிறகு நான் உட்கார்ந்து செய்து பார்த்தேன். வலது கையை மல்லாத்தி வைத்தால் அப்படியே இடது கை மாதிரித் தெரிகிறது. அதைச் சுற்றி வரைய வேண்டுமானால் பென்சில் இடது கையில் இருக்க வேண்டும்.

உன் இடது கைக்கு என்ன ஆயிற்று? செருப்பு, படிப்பு, காய்ச்சல் எதுவும் வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுது.

வாலு


மே 16

வாலுக்கும் அம்மாவுக்கும்,

இப்போது நலம். அதுதான் உண்மை. முன்பு எழுதியபோது உண்மையில்லை.

பிப்ரவரி 12, காலை பதினொன்று இருக்கும். மோதிர விரலும் சுண்டுவிரலும். அடிக் கணு மட்டும் மிச்சம். புண் ஆறிவிட்டது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் இல்லாத விரல் வலிக்கிறது, அது போகப் போகச் சரியாகும் என்கிறார் டாக்டர். பேனா பிடிக்கிற கை நன்றாக இருந்தது, பொய் எழுத அது வசதியாகப் போய்விட்டது.

கையுறை பாக்கெட்டில் இருந்தது. உன் கடிதமும் நீ சொன்னபடி அதே பாக்கெட்டில்தான் இருந்தது. அதற்கு முந்தைய நாள்தான் வந்தது, இரண்டு தடவை படித்தேன். அந்த மேசைத் துணியை வெட்டி முடித்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். திறந்தால் இரண்டும் ஒன்றாக இருந்தன. அதற்குப் பிறகு உனக்கு நான் என்ன எழுதுவது?

நீ போனில் விசாரித்தபோது நல்லாருக்கார் என்று சொல்லச் சொன்னதும் நான்தான்.

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். டாக்டர் பழைய வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று விரலும் பிடிக்கின்றன, துணியை அமுக்க உள்ளங்கை போதும். கம்பெனியில் சேஃப்டி ஆபீசர் மாட்டேன் என்கிறார். கையுறை இல்லாமல் மெஷினைத் தொடக் கூடாது. ஐந்து விரல் கையுறையை மாட்டினால் இரண்டு விரல் காலியாகத் தொங்கி, கத்தியே அதைப் பிடித்து இழுத்துவிடும். மூன்று விரலுக்குக் கையுறை எங்கும் விற்பதில்லை. அவர் சொல்வதில் தப்பில்லை.

ஒரு சின்னப் பட்டறையில் துணி வெட்டக் கூப்பிடுகிறார்கள். அங்கே கையுறையே கிடையாது, அதனால் கேள்வியும் கிடையாது. செப்டம்பருக்குள் இங்கே வழி பிறக்காவிட்டால் அங்கே போய்விடுவேன். ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே என்னால் காலம் தள்ள முடியாது வாலு. நான் வெட்டுகிறவன்.

அம்மாவை அழ விடாதே.

அண்ணன்


மே 24

அண்ணா,

அம்மா அழவில்லை, நான்தான் அழுதேன். இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை. உன் மேல் வந்த கோபத்தில் வளையப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டேன், இன்னும் கட்டிலுக்கு அடியில் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம். ஆஸ்பத்திரியில் யார் உனக்குச் சோறு ஊட்டினார்கள்? அதைக்கூட எழுதவில்லை நீ.

அந்த மெஷினுக்கு முன்னால் மறுபடி உன்னை நிறுத்த நானே கை கொடுப்பதா என்று மூன்று நாள் யோசித்தேன். கொடுக்காவிட்டால் வெறுங்கையோடு பட்டறைக்குப் போவாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால் கேள்.

முழுக் கையுறையை நான் செய்யப் போவதில்லை, அவ்வளவு திமிர் எனக்கு இல்லை. கம்பெனிக் கையுறை ஒன்றை ஆபீசரிடம் கேட்டு வாங்கி அனுப்பு. காலி விரல் இரண்டையும் வெட்டி எடுத்து, உன் மிச்சக் கணுவின் அளவுக்கு மூடிப் பற்றவைத்துத் தருகிறேன். மற்ற மூன்று விரலிலும் தொங்கும் ஒரு அங்குலத்தை எடுத்துவிடுகிறேன். பிறகு ஆபீசர் எப்படி வேண்டுமானாலும் சோதிக்கட்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பட்டறையும் கிடையாது. இது நான் சொல்வதில்லை, அம்மா சொல்வது.

அளவுக்கு உன் இடது கை வேண்டும். உன் இடது கை.

அவர் ஒப்புக்கொண்டு நீ மெஷினைத் தொட்டால், மாதம் ஒரு தடவை அந்தக் கையை வரைந்து எனக்கு அனுப்ப வேண்டும். எழுத்து தேவையில்லை. உன் எழுத்தை இனி நான் நம்புவதாக இல்லை.

வாலு


ஜூலை 22

அண்ணா,

எல்லோரும் நலம்.

ஜூன் மாதம் நீ அனுப்பிய பார்சலில் கையுறையும் ஒரு தாளும் மட்டும் இருந்தன, கடிதம் இல்லை. தாளைப் பிரித்ததும் நான் விரலைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தேன். துணி மேல் போடுவாயே, அதே கோடு. இரண்டு சின்ன மேட்டைச் சுற்றி வரும்போதும் பென்சில் நடுங்கவில்லை. அம்மா அந்தத் தாளின் மேல் தன் கையை வைத்து, தன் இரண்டு விரலை மடக்கிப் பார்த்தாள். பிறகு, "சீக்கிரம் செஞ்சு குடு" என்றாள்.

சீக்கிரம் நடக்கவில்லை. உங்கள் வளையம் நான் செய்ததில் பாதிகூட இல்லை. அந்தக் கனத்தில் கம்பி தேடவே இரண்டு வாரம். முதல் தடவை மூடியபோது வழக்கமான முட்டாள்தனம் செய்தேன், விரியும் பக்கத்தைக் குறுக்கே வைத்துவிட்டேன். கணு மடங்காமல் இறுக்கியிருக்கும். நாற்பத்தேழு வளையத்தையும் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இப்போது மூடியிருப்பது எல்லாம் பற்றவைத்தது. கடையில் பெரிய லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதன் பிறகு முதலாளி, அவருக்குப் பிறகு அம்மா. அவள் புதுக் கண்ணாடிக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. அம்மா இரண்டை ஒதுக்கினாள். மாற்றிவிட்டேன். எல்லாம் முடிந்து மறுபடி கேரட்டை உள்ளே விட்டுக் கத்தியால் அமுக்கினேன், கேரட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆபீசரிடம் நீ எதையும் மறைக்காதே. எது என் வேலை, எது கம்பெனி வேலை என்று காட்டு. தீ பட்டதில் என் வளையம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், பார்த்தாலே தெரியும். அவர் முடியாது என்றால் எனக்குத்தான் வருத்தம் வரும், வரட்டும்.

வெட்டி எடுத்த இரண்டு விரலும் என்னிடம் இருக்கின்றன. எறிய மனம் வரவில்லை.

வாலு


செப்டம்பர் 6

வாலுக்கு,

அம்மா, நீ, அவர், மகள் எல்லோரும் நலம்தானே. நான் நலம்.

ஆபீசர் உன் வேலையை மூன்று நாள் வைத்திருந்தார். மரக்கட்டையை உள்ளே விட்டு, பழைய மெஷினின் கத்தியில் வைத்துப் பார்த்திருக்கிறார். கட்டையில் கீறல் விழவில்லை. யார் செய்தது என்று கேட்டார். தங்கச்சி என்றேன். "என்ன வேலை பாக்கறாங்க?" என்றார். மூக்குக் கண்ணாடி என்றேன். கையுறையை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை முதல் கட்டிங் மேசையில் நிற்கிறேன். முதல் நாள் மெதுவாகத்தான் தள்ளினேன். வெட்டு நேராகத்தான் வந்தது. சூப்பர்வைசர் போனதும் பக்கத்து மேசைக்காரர் வழக்கம்போலத் தன் கையுறையைக் கழற்றினார். என் கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போனது, பத்து வருடப் பழக்கம். பெரிதாக இருக்கிறது என்று சாக்குச் சொல்ல வழியில்லை. கையை எடுத்துவிட்டேன். அவர் என் கையைப் பார்த்தார். தன்னுடையதைத் திரும்ப மாட்டிக்கொண்டார். உன் முகவரி கேட்கிறார், அவருக்கும் ஒரு அங்குலம் எடுக்க வேண்டுமாம்.

ஆஸ்பத்திரியில் வலது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது எனக்குச் சோறு ஊட்டியவரும் அவர்தான். நீ கேட்டிருந்தாய்.

இந்த மாதத்துக் கையை இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் காட்டு. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். போன தாளில் இருந்ததெல்லாம் இருக்கிறது.

அண்ணன்